கழலாத கோடாலி

துருப்பிடித்த இரும்பும் ஊறிய மரமும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். காயத்தை வாயில் வைத்து உறிஞ்சும்போது நாக்கில் தட்டுகிற ருசிக்கு மிக அருகில் இருப்பது அது. வால்பாறை எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டின் பின்கட்டில், கருப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து, சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அந்த வாசனை எழும்பும். மறுநாள் விறகுக்குப் போவதற்காகக் கைக்கோடாலியைத் தலைகீழாகத் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். விடிவதற்குள் மரக்காம்பு தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும், இரும்புத் தலை அதில் இறுகிக்கொள்ளும், காலையில் "ஆட்டம்" நின்றிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கோடாலியை ஊற வைப்பது என் வேலை. எனக்கு அப்போது பதினோரு வயது.

நாங்கள் மலையில் பிறந்தவர்கள் அல்ல. அப்பாவின் ஆட்கள் காரமடைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணமான புதிதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு மாதா படத்தையும் தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு அப்பா மலை ஏறினார். அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. நானும் என் தங்கை ஜெசிந்தாவும் பிறந்தது எஸ்டேட்டில். பத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லைனில் எங்களுடையது கடைசி. அதற்குப் பின்னால் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலைக்கு நிழல் தரும், நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்கு அப்பால் சோலைக்காடு. சிலிண்டர் அடுப்பு எங்கள் லைனுக்கு வந்து சேராத காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோறு தின்று, வெயில் இருக்கும்போதே பெண்கள் விறகுக்குக் கிளம்புவார்கள். காய்ந்து விழுந்த கிளைகளை வெட்டிக்கொள்ள எஸ்டேட்டில் அனுமதி உண்டு. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார். சிறுத்தை நடமாடும் மலையில் பிள்ளைகளை வீட்டில் தனியாக விட்டுப் போவதைவிடக் கண்ணெதிரே வைத்திருப்பது அவருக்கு நிம்மதி.

அந்த ஒரு சனிக்கிழமை நான் மறந்துபோனேன். கோயிலில் பாட்டுப் பழகிவிட்டு வந்தேன், பொட்டலம் கட்டி வந்த ஏதோ பத்திரிகைத் தாளில் பாதிக் கதை இருந்தது, மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். காலையில் பல் துலக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அவசரமாகக் கோடாலியைத் தொட்டியில் அமுக்கினேன். நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அம்மா உள்ளிருந்து, "ஊற வெச்சுட்டியா கண்ணு?" என்று கேட்டார். "வெச்சுட்டேனுங்ம்மா" என்றேன். ஈரமாக இருந்தது, ஆகவே பார்க்கிறவர்களுக்கு அது பொய்யாகத் தெரியாது.

அன்று மதியம் சரிவின் ஓரத்தில் காய்ந்து கிடந்த ஒரு பெரிய கிளையில் அம்மா கோடாலியைப் போட்டார். எங்களை எப்போதும் போலத் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார வைத்திருந்தார். ஜெசிந்தாவுக்கு ஆறு வயது. அவளை எவ்வளவு நேரம் பாறையில் உட்கார வைக்க முடியும்? எதிரே தேயிலைச் செடிக்கு அடியில் என்னவோ மினுங்கியது என்று அவள் இறங்கி ஓடியதை அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் கை மேலே போய் இறங்கியது.

ஒரு ரீங்காரம் கேட்டது. பெரிய வண்டு ஒன்று காதோரம் போவது போல, அவ்வளவுதான். அம்மாவின் கையில் வெறும் குச்சி இருந்தது. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. பிறகு தலையைத் திருப்பினார். ஜெசிந்தா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவில், ஈர மண்ணில் பாதி இறங்கி, இரும்பு நின்றுகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடுங்கி, கனம் தாங்காமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். "அம்மா, உன்ற கோடாலி ஓடிப்போச்சு" என்று நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அன்று நாங்கள் விறகில்லாமல் வீட்டுக்கு வந்தோம்.

அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, புது ஆப்பு செதுக்கி, அதை அடித்து இறக்கி, மேலே இரண்டு ஆணியும் அறைந்தார். "இனி அசையாது" என்றார். அம்மா தலையாட்டினார். அடுத்த வாரம் அதே கோடாலியோடு விறகுக்குப் போகவும் செய்தார், போகாமல் அடுப்பு எரியாதே. எனக்குத்தான் எதுவும் பழைய நிலைக்கு வரவில்லை. வண்டு பறந்தால் உடம்பு கூசியது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடும்போது கயிறு காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வயிறு வலித்தது. பொய்யாகத்தான் ஆரம்பித்தேன், மூன்றாவது வாரத்தில் நிஜமாகவே வலித்தது. எனக்குத் துணை இருக்க ஜெசிந்தாவும் வீட்டிலேயே நின்றாள், நான் விரும்பியதும் அதைத்தான். ஆனால் அம்மா தனியாகப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, அவர் திரும்பி வரும் வரை, சரிவிலிருந்து வரும் ஒவ்வொரு வெட்டின் சத்தத்தையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே கொஞ்சம் கூடுதலாக நேரம் ஆனால் எழுந்து போய்க் கதவிடுக்கில் காதை வைப்பேன்.

இரும்பின் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குக் கீழே இருந்தது. நான் ஊற வைக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அம்மா என்னை என்ன செய்வார் என்பதல்ல, என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போன நாளில்கூடச் சாமியாரிடம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாதம், பள்ளிக்கூடம் லீவில் இருந்தபோது, அப்பா அறைந்த ஆணியில் ஒன்று கழன்று அம்மாவின் உள்ளங்கையில் கீறியது. அன்றைக்கு அம்மா முடிவு செய்தார். "மழைக்கு முன்ன பொள்ளாச்சி போயி நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிப்போடலாம். ரீத்தா, நீயும் வா கண்ணு. போர்டு படிக்க ஆள் வேணும்." ஜெசிந்தாவைப் பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காவிடம் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் அம்மாவின் மேல் சரிந்தேன். அவர் மடியில் ஒரு துணிப்பையும், அதற்குள் பழைய கோடாலியின் தலையும் இருந்தன. பழையதைக் கொடுத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் தொடை அந்தப் பையில் பட்டுவிடாமல் ஊர் வந்து சேரும் வரை காலை ஒடுக்கியே உட்கார்ந்திருந்தேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு வீதி முழுக்க இரும்புச் சாமான் கடைகள். நாங்கள் நுழைந்த முதல் கடையில் வரிசையாகக் கோடாலிகள் தொங்கின. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்த காம்பு, கண்ணாடி போல மின்னும் இரும்பு. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி, கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில், காம்பின் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டினார். கீழே கட்டையில் ஒரு கணு, அதைச் சுற்றி மாவு போல எதையோ பூசி அடைத்திருந்தார்கள். அம்மா கோடாலியை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீதிக் கடைசியில் ஒரு சின்னக் கடை. உள்ளே முக்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், காதில் பெரிய தோடு, கையில் அரம். அவருக்குப் பின்னால் அடுக்கிவைத்த மண்வெட்டிகளும் அரிவாள்களும். எதற்கும் பெயிண்ட் இல்லை.

"வாங்க அம்மணி, என்ன பாக்குறீங்க?"

"கைக்கோடாலி ஒண்ணு வேணுமுங்க. வெறகுக்கு."

"மரம் சாய்க்கறதுக்கா, கிளை கழிக்கறதுக்கா?"

"கிளைதானுங்க. வால்பாறைங்க நாங்க. கொண்டு நடக்கோணும், கனம் ஆகாது."

கடைக்கார அம்மா அம்மாவின் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தன் சாணால் அளந்தார். பிறகு நாலைந்து கோடாலிகளை எடுத்துத் தரையில் பரப்பினார். காம்பின் நுனியில் தெரியும் மர ரேகைகளைக் காட்டி, அவை வெட்டும் வாயின் நேருக்கு ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் அந்தக் காம்பு ஒரு நாள் பிளக்கும் என்றார். இரும்பைச் சணலில் தொங்கவிட்டு அரத்தால் ஒரு தட்டு தட்டினார். நல்லது கோயில் மணி போல நீளமாகச் சத்தம் போட்டது, விரிசல் விட்ட இன்னொன்று "டப்" என்று நின்றது. நான் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். எந்தக் கோடாலியின் நேர்க்கோட்டிலும் நான் நிற்கவில்லை.

கடைசியில் அவர் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். மற்றவற்றைவிட அவலட்சணமாக இருந்தது அது. கருத்த இரும்பு, கருவேலங்காம்பு, காம்பின் மேல்முனை கோடாலித் தலைக்கு மேலே கட்டைவிரல் அகலம் துருத்திக்கொண்டு தடித்திருந்தது. ஆப்பும் இல்லை, ஆணியும் இல்லை. அதை நேராகப் பிடித்து, காம்பின் அடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். இரும்புத் தலை கழன்று, காம்பின் வழியே வழுக்கி, அவர் கைக்கு இறங்கி வந்தது.

நான் அலறிவிட்டேன். கடை வாசல் வரை ஓடிவிட்டேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏங் கண்ணு, ஏன் இப்படிப் பயந்துக்கறே?" என்று கடைக்கார அம்மா எழுந்து வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னார், சின்னவளின் கால்களுக்கு நடுவில் இறங்கியது வரைக்கும். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பையிலிருந்து பழைய தலையை வாங்கி, காம்பு நுழையும் துளையான அதன் கண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"தண்ணில ஊறப் போட்டீங்களாக்கும்?"

அம்மா பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான் ஊற வெக்கலீங்க" என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அந்தத் தோடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "மறந்துபோட்டேனுங்க. வெச்சேன்னு பொய் சொல்லிப்போட்டேன். என்னாலதான் கழண்டுச்சு."

கடைக்கார அம்மா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய தலையை என் முன்னால் நீட்டினார். "ஊற வெச்சதுதான் கண்ணு இதைக் கெடுத்தது. நனைஞ்சா கட்டை உப்பும். காஞ்சா முன்ன இருந்ததைவிடச் சுருங்கும். மறுபடி நனைச்சா கண்ணுக்குள்ளயே நசுங்கிப் பஞ்சாப் போயிரும். நீ அன்னிக்கு நனைச்சிருந்தாலும் அன்னிக்கோ, அடுத்த வாரமோ, அது போகத்தான் போயிருக்கும்." அந்த அவலட்சணமான கோடாலியை மீண்டும் எடுத்தார். தலையை மேல்முனை வரை ஏற்றி, கோடாலியைத் தலைகீழாகத் திருப்பி, துருத்திய முனையைக் கல்லில் இரண்டு தடவை இடித்தார். "இங்க பாரு. இரும்போட கண்ணு மேல அகலம், கீழ குறுக்கம். காம்பும் அப்படித்தான். இது கழண்டா கைப்பக்கந்தான் வரும். வெளியே போக வழியே இல்ல. வீச வீச இறுகும். நம்பலீன்னா நீயே இழு."

நான் இழுக்கவில்லை. தொடவே மாட்டேன் என்றேன். அம்மா இழுத்தார். இரண்டு கையாலும், காலைக் காம்பில் ஊன்றி, முகம் சிவக்க இழுத்தார். ஒரு நூலும் நகரவில்லை. வாசலில் கிடந்த கட்டையில் பத்துப் பன்னிரண்டு வெட்டுப் போட்டுவிட்டு, தலைக்கும் காம்புக்கும் நடுவில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் போகவில்லை. அதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அடி விழாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காதது அடியைவிட மோசமாக இருந்தது. வளைவுகள் ஏற ஏறக் குளிர் வந்தது. பாதி மலை ஏறியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குக் காலைல கையில எடுத்தப்பவே ஆடுச்சு கண்ணு. எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குத்தானேன்னு கொண்டுபோனேன். உன்னைய நீ குத்தஞ் சொல்லிக்காதே."

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் அவர் அதைச் சொன்னார். பாரம் இறங்கவும் செய்தது. ஆனால் அன்றுவரை எனக்கு இல்லாத ஒரு பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆடுகிறது என்று தெரிந்தும் பெரியவர்கள் கொண்டுபோவார்கள். அவர்களுக்கும் வேறு வழி இருக்காது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த பாறை அன்றோடு போயிற்று.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. வால்பாறை மழையைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நாள் கணக்கில் இடைவெளியே இல்லாமல் பெய்யும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரில் பாசி ஏறும். ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு காற்றும் சேர்ந்துகொண்டதால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், மதியத்தோடு கொழுந்து பறிப்பதையும் நிறுத்தினார்கள். அம்மா நனைந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தார். ஆண்கள் ஃபேக்டரியிலும், பாதையில் விழுந்த மண்ணை அள்ளுகிற வேலையிலும் இருந்தார்கள். எங்கள் கோழி ஒன்று பின்கட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்தது, அதைப் பிடித்து வருகிறேன் என்று ஜெசிந்தா போனாள்.

முதலில் சரிவில் வேர்கள் அறுபடுகிற சத்தம் கேட்டது. புது வேட்டியை வெடுக்கென்று கிழிப்பது போல, ஒன்றன் பின் ஒன்றாக. பிறகு வீடு ஆடியது. நான் பின்வாசலுக்கு ஓடியபோது அங்கே வானம் தெரிந்தது. கொட்டகையின் தகரக் கூரை மடங்கிக் கிடந்தது. அதன் மேல் ஒரு சவுக்கு மரம் படுத்திருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஜெசிந்தாவின் குரல், "அம்மா, காலு, காலு" என்று.

இலைகளை விலக்கிப் பார்த்தோம். அடிமரம் கொட்டகையின் கல்சுவர் மேல் சாய்ந்து நின்றதால் அவள் பிழைத்திருந்தாள். ஆனால் தொடை கனத்தில் ஒரு கிளை அவளுடைய வலது காலைப் படிக்கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலே மண் வழுக்கி, மரம் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. அவள் போட்ட கத்தலை நான் எழுதப்போவதில்லை.

சரோஜா அக்காவும், ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்த அவருடைய வீட்டுக்காரரும் ஓடி வந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் கிளையைத் தோளால் முட்டிப் பார்த்தார், அசையவில்லை. ரம்பமும் ஆட்களும் கூட்டிவர ஃபேக்டரிக்கு ஓடினார். ஓடினாலும் போக அரை மணி, வர அரை மணி. சரோஜா அக்கா எங்கள் விறகுக்கட்டைகளை வாரி வந்து அடிமரத்துக்குக் கீழே அடுக்கி முட்டுக் கொடுத்தார். மண் நனைந்து கட்டைகளும் புதைந்துகொண்டிருந்தன. மரம் இன்னொரு விரல் இறங்கியது.

அம்மா உள்ளே போய்க் கோடாலியோடு வந்தார்.

கிளையின் ஒரு பக்கம் மடங்கிய தகரம், அங்கே கையை வீச இடமில்லை. வெட்ட முடிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஜெசிந்தாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி. அம்மா கோடாலியை உயர்த்தினார். இறக்கினார், வெட்டாமலே. மறுபடியும் உயர்த்தினார், மறுபடியும் வெட்டாமல் இறக்கினார்.

"வேண்டாங்க செசிலியக்கா, ஆளுக வரட்டுமுங்க" என்றார் சரோஜா அக்கா.

"அதுக்குள்ள காலு கூழாப் போயிருமுங்க."

அம்மா கோடாலியைத் தலைகீழாகத் திருப்பி, படிக்கல்லில் இரண்டு தடவை இடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ரீத்தா, இங்க வா. அவ மொகத்தை உன்ற மடியில பொத்திக்க. இந்தக் கையில முட்டியப் புடிச்சுக்க, ஆட்டவே கூடாது. நீயும் கண்ணை மூடிக்க கண்ணு."

நான் ஓடிப்போயிருப்பேன். உண்மையைச் சொல்வதென்றால் வாசல் எந்தப் பக்கம் என்று என் கண் தேடியது. ஆனால் அந்த நேரம் ஜெசிந்தா என் பாவாடையைப் பிடித்துவிட்டாள். உட்கார்ந்தேன். அவள் முகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன், இடது கையால் முழங்காலைப் பிடித்தேன். என் விரல்கள் கிளைக்கு அருகில் இருந்தன. கண்ணை மூட என்னால் முடியவில்லை. மூடினால் அந்த வண்டுச் சத்தம் கேட்டது.

முதல் வெட்டு விழுந்தது. கையில் சிராய் தெறித்தது. அம்மா இடது சாய்வாக ஒன்று, வலது சாய்வாக ஒன்று என்று போட்டார். நான் இரும்பின் வாயைப் பார்க்கவில்லை, கிளையைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே காம்பு துருத்திக்கொண்டு நின்ற அந்தக் கட்டைவிரல் அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது குறைகிறதா, கூடுகிறதா? மேலே போகும், கீழே வரும். அப்படியே இருந்தது. ஆறேழு வெட்டுக்கு ஒருமுறை அம்மா நிறுத்தி, திருப்பி, கல்லில் இடித்துக்கொண்டார்.

பாதி வெட்டு முடிந்திருக்கும்போது இரும்பு ஈரப்பட்டையில் வழுக்கியது. என் விரல்களைத் தாண்டிப் போய்ப் படிக்கல்லில் மோதிப் பொறி பறந்தது. அம்மா பின்னால் நகர்ந்து, சேலைத் தலைப்பால் காம்பைத் துடைத்தார். "அடுப்புச் சாம்பல் கொண்டு வாங்க" என்றார். சரோஜா அக்கா அள்ளி வந்த சாம்பலைக் கையிலும் காம்பிலும் பூசிக்கொண்டு மீண்டும் வந்து நின்றார். "மாதாவே" என்று ஒரு தடவைதான் சொன்னார், முணுமுணுப்பாக.

அதன் பிறகு எத்தனை வெட்டு என்று எனக்குத் தெரியாது. வெட்டுகளை எண்ணிப் பழகிய நான் அன்றைக்கு எண்ணவில்லை. திடீரென்று கிளை முறிகிற சத்தம் கேட்டது, அழுத்தம் விலகியது, அம்மா கோடாலியைப் பின்னால் எறிந்துவிட்டு ஜெசிந்தாவை அக்குளில் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் சேற்றில் மல்லாந்து விழுந்தோம். நாங்கள் வீட்டுக்குள் போன பிறகு, ஆட்கள் ரம்பத்தோடு வந்து சேர்வதற்கு முன்னால், அடிமரம் சுவரை இடித்துக்கொண்டு படிக்கல் மேல் உட்கார்ந்தது.

எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. கால் பிழைத்தது. குளிர் நாட்களில் மட்டும் ஜெசிந்தா இன்றும் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். எனக்கு இரண்டு நாள் பேச்சு வரவில்லை. அப்பா வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவரலாமா என்று சரோஜா அக்காவிடம் ரகசியமாகக் கேட்டதும், அம்மா அவரை முறைத்ததும் நினைவிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா விறகுக்குப் போனார். நானும் போனேன். பயம் போய்விட்டதால் அல்ல. வீட்டுக்குள் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பதற்குப் பதில் பக்கத்தில் நின்று பார்ப்பது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறேன். பம்பு உதிரிபாகங்கள் செய்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் அளவு பார்க்கிற வேலை. துளைக்குள் தண்டு சரியாக உட்காருகிறதா, இடைவெளி எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்க்கிறேன். ஒரு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், நான் அசைய மாட்டேன். ஜெசிந்தா காரமடையில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக வால்பாறை போனபோது எங்கள் லைனைப் போய்ப் பார்த்தோம். பத்து வீட்டில் மூன்றில்தான் ஆள் இருந்தது, அவர்களும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, பின்கட்டு உண்ணிச்செடிக்குள் போய்விட்டது. எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சரிவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சரோஜா அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள், எங்கே என்று சொல்லத் தெரிந்த ஆள் இல்லை.

போன மாதம் ஜெசிந்தாவோடு அவள் மகள் ஷைனி வந்திருந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். ஃபோனில் கோடாலிகளின் படங்களைக் காட்டி, "எதுங்க பெரீம்மா நல்லது?" என்று கேட்டாள். கருப்பு இரும்பு, ரப்பர் பிடி, பின்னால் ஈட்டி போல ஒரு முனை. ரப்பருக்குள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்காதே, தலைக்குள்ளே காம்பு எப்படி உட்கார்ந்திருக்கிறதென்று பார், வெட்டும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையை ஓங்கு என்றேன். அவள் சிரித்தாள். பிறகு ஜெசிந்தா தன் காலைக் காட்டினாள், நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். ஷைனி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும், "அம்மிச்சிக்குப் பயமா இல்லீங்களா? வெட்டறப்ப அவுங்க மொகம் எப்படி இருந்துச்சு?" என்று பாட்டியைப் பற்றிக் கேட்டாள்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவள் முகம் என் மடிக்குள் இருந்தது. சரோஜா அக்கா அடிமரத்துக்கு அந்தப் பக்கம் முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தொடக்கம் முதல் கடைசி வரை கோடாலியின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலை கண்ணு" என்றேன். அம்மா உயிரோடு இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பயமாக இருந்ததா என்று நாங்கள் அவரிடம் கேட்டதில்லை.